வெள்ளை நாடாக் கட்டு

என் வீட்டுக்காரரின் தம்பி முருகையன் தனியாக உட்கார்ந்து விளையாடுகிறவன். முப்பது தாண்டிய ஆண்பிள்ளை, கல்யாணம் இல்லை, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுவிட்டு மேலே போனால் விளக்கு வைக்கிற நேரம் வரை காய் குலுக்குகிற சத்தம் கேட்கும். எதிராளி கிடையாது. அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்த புதிதில் இவனுக்கு மண்டையில் கோளாறு என்றுதான் நினைத்தேன். மனசில் வைத்துக்கொள்ளாமல் அவனையே கேட்டேன்.

"மண்ட நல்லாத்தான் இருக்குது அண்ணி. கத ஆடுறேன்."

"கதய கேப்பாங்க, படிப்பாங்க. ஆடுறதுன்னா என்னாடா?"

"நான் ஒரு ஆளா மாறிக்குவேன். அந்த ஆள் ஒரு கதவு முன்னால நிக்குறான்னு வெச்சுக்குங்க. உள்ள யாராச்சும் இருக்காங்களா? அத நானே முடிவு பண்ணிட்டா சப்புன்னு போயிடும். அதனால காய எடுத்துப் பாப்பேன். அது சொல்ற பதில வெச்சி அடுத்தது எழுதுவேன்."

"நாலு பேரு கூடி ஆடலாம் இல்ல?"

"வெளிநாட்டுல அப்படித்தான் ஆடுறாங்க. ஒருத்தர் கதய நடத்துவாரு, மத்தவங்க அதுல ஆளுங்களா இருப்பாங்க. நாலு பேருக்கு நான் எங்க போறது?"

"அதுவும் சரிதான். உங்கூட யாரு உக்காருவா."

அதற்குக் கோபப்படவில்லை. சிரித்துவிட்டுக் காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். கோபம் வராத ஆள். அதனாலேயே அவன் விஷயத்தில் மற்றவர்கள்தான் எப்போதும் முடிவெடுத்தார்கள்.

இந்தப் பழக்கம் அவனுக்கு ஒட்டியது பழைய பேப்பர் கடையில். அவன் படித்தது பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம். வாத்தியார் ஆகிற அளவுக்கு வரவில்லை, புத்தகம் படிக்கிற அளவுக்கு வந்தது. ஒரு சொல்தா வீட்டுக்காரர்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் குடும்பம், வீட்டைக் காலி செய்துகொண்டு பிரான்சுக்குப் போனபோது ஒரு சாக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டார்கள். அதில் பிள்ளைகளுடைய புத்தகம் ஒன்பது. பக்கம் பக்கமாகப் படிக்கிற புத்தகம் இல்லை. ஒவ்வொரு பத்திக்கும் ஒரு எண். இடது பக்கம் போனால் நூற்று நாற்பதுக்குப் போ, கதவைத் திறந்தால் இருபத்தி மூன்றுக்குப் போ என்று இருக்கும். தப்பான எண்ணுக்குப் போனால் செத்துப்போவாய். ஒன்பதிலும் அவன் பல தடவை செத்தான். சாப்பிடும்போது சொல்லுவான், "இன்னிக்கு சேத்துல முழுவிட்டேன் அண்ணி." "அப்ப இன்னொரு கரண்டி ரசம் ஊத்திக்கோ" என்பேன்.

பிறகு இரண்டாயிரத்து மூன்று வாக்கில் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வந்தது. அங்கே போய் இந்த மாதிரித் தனி ஆட்டங்களின் விதிகளைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வந்தான். வெளிநாட்டு ஆட்டத்துக்குப் பத்து முகத் தாயக் கட்டை, இருபது முகக் கட்டை எல்லாம் வேண்டுமாம். புதுச்சேரியில் எந்தக் கடைக்காரனுக்கும் அது தெரியவில்லை. தம்போலா விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி, அதிலிருந்த தொண்ணூறு எண் காய்களை என் பழைய ரவிக்கைத் துணியில் தைத்த பைக்குள் போட்டுக்கொண்டான். குலுக்கி ஒரு காய் எடுப்பான். எண் சின்னதாக இருந்தால் இல்லை, பெரிதாக இருந்தால் ஆமாம், நடுவில் வந்தால் ஆமாம் ஆனால் ஒரு சிக்கலோடு. அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

அவனுக்கு வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில். பதினைந்து வருஷம் அதே ரூம். வார்டிலிருந்து வருகிற கேஸ் ஷீட்டுகளைப் பிரித்து, நாடா போட்டுக் கட்டி, அலமாரியில் ஏற்ற வேண்டும். கட்டு நாலு விதம். குணமாகி வீட்டுக்குப் போனது டிஸ்சார்ஜ், பச்சை நாடா. டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிக்கொண்டு போனது ஏ.எம்.ஏ., வெள்ளை நாடா. சொல்லாமல் ஓடிப்போனது அப்ஸ்காண்ட், மஞ்சள். செத்தது எக்ஸ்பயர்டு, சிவப்பு. இந்த நாலில் எல்லா மனிதரும் அடங்கிவிடுவார்கள் என்பான்.

வேலையில் இருந்த புத்தி ஆட்டத்திலும் வந்துவிட்டது. மாடி அறையில் நாற்பது ஆட்டத்துக்கு மேல் சேர்ந்ததும் அதையும் பிரிக்க வேண்டும் என்று உட்கார்ந்தான். ஒரு வருஷம் பிரித்தான். முதலில் எதை வைத்து ஆடுகிறோம் என்று பார்த்துப் பிரித்தான். எண் போட்ட புத்தகம் ஒரு அடுக்கு, காயும் அட்டவணையும் ஒரு அடுக்கு, சீட்டுக்கட்டு ஒரு அடுக்கு, டைரி மாதிரி எழுதிக்கொண்டே போவது ஒரு அடுக்கு. கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் பிரிக்கிறார்களாம். ஒரு மாசத்தில் அவனுக்கே பிடிக்கவில்லை.

"இது பேஷண்ட படுத்திருந்த கட்டில வெச்சிப் பிரிக்கிற மாதிரி இருக்குது அண்ணி."

"நான் டப்பாவ வெச்சா மளிகைய பிரிக்குறேன்? எந்தக் கொழம்புக்குப் போவும்னு பாத்துதான் வெக்குறேன்."

அவன் அதைப் பிடித்துக்கொண்டான். அடுத்து, கதையை நடத்துகிறவன் வேலையை யார் செய்கிறார்கள் என்று பார்த்தான். எல்லாம் முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் புத்தகம் நடத்துகிறது. கேட்டுக் கேட்டுப் போனால் காய் நடத்துகிறது. காயும் இல்லாமல் எழுதினால் நம் மண்டையே நடத்துகிறது. இது பரவாயில்லை என்றான். ஆனால் முக்கால்வாசி ஆட்டத்தில் மூன்றும் கலந்திருந்தது. ஒரே ஆட்டத்தை மூன்று அடுக்குக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைந்தான். ஒரு கேஸ் ஒரு கட்டில்தான் இருக்க வேண்டும், அது அவனுக்கு வேதம்.

கடைசியில் ரெக்கார்டு ரூமுக்கே போய்விட்டான். ஆடுகிறவன் எப்படி உள்ளே போகிறான் என்று பார்க்காதே, எப்படி வெளியே வருகிறான் என்று பார். முடிவு என்று ஒன்று இருந்து, அதைத் தொட்டு வெளியே வரக்கூடிய ஆட்டம் பச்சை. சாவு ஒன்றுதான் முடிவு, எவ்வளவு தூரம் தாங்குகிறாய் என்பதுதான் விஷயம் என்றால் சிவப்பு. முடிவே இல்லாத ஆட்டம், ஆடுகிறவனே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நிறுத்த வேண்டியது, வெள்ளை. மஞ்சளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டான்.

"அது பாதியில நான் உட்டது. ஓடிப்போனது ஆட்டத்தோட கொணம் இல்ல, என் கொணம். ஆனா கட்டு வேணும் இல்ல."

மஞ்சள் கட்டுதான் பெரிசாக இருந்தது.

இரண்டாயிரத்து ஆறில் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. கால் வீங்கியது, முகம் வீங்கியது, பிறகு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அவன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள், செலவு பெரிதாக எங்கள் தலையில் விழவில்லை. என் வீட்டுக்காரர் ராஜவேலுக்கு, மில் மூடினபிறகு செக்யூரிட்டி வேலை, பகல் ஷிப்டு. அதனால் கூடப் போனது நான். செவ்வாயும் வெள்ளியும், நாலு மணி நேரம், அவன் கட்டிலில், நான் ஸ்டூலில்.

அப்போது அவன் ஒரு புது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். அவனே செய்தது. கடற்கரை ஓரமாக ஒரு ஊர் காலியாகிவிட்டது. ஜனங்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. ஒரு தபால்காரி மட்டும் திரும்பி வருகிறாள். பையில் பதினேழு கடிதம் மிச்சம். ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கடிதம்தான். பதினேழும் கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, பச்சை நாடா. முழுவதுமாக முடிக்கப்போகிற ஒரே பெரிய ஆட்டம் இது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கையில் ஊசி குத்தியிருக்கும்போது அவனால் பையில் கை விட முடியாது. ஒரு நாள் என்னை எடுக்கச் சொன்னான்.

"ஒண்டியா ஆடுற ஆட்டம்னு பீத்திக்குவியே. இப்ப நான் எடுத்தா ரெண்டு பேரு ஆட்டம் ஆயிடாதா?"

"கை யாருதுன்றது கணக்கு இல்ல அண்ணி. பதில் வந்தப்பறம் என்னா செய்யுறதுன்னு சொல்றது யாருன்றதுதான். எடுங்க, வீட்ல ஆள் இருக்குதா?"

எடுத்தேன். டிபன் மூடியில் வைத்தேன். எழுபத்தொன்று. ஆள் இருந்தது. யார், என்ன பேசினார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். பக்கத்துக் கட்டில்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்தப் பேச்சு வந்தது. வார்டிலிருந்து ஒரு கிழவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சொந்தக்காரர்கள் அவசரமாக வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"வெள்ள நாடா" என்றான் முருகையன்.

"பாவம், மூச்சு இருக்கறப்பவே வீட்டுக்குக் கொண்டு போறாங்க."

"பதினஞ்சு வருசமா அந்த ஏ.எம்.ஏ. பாரத்த பாக்குறேன் அண்ணி. அடியில கையெழுத்து இருக்கும். மவன், மச்சான், மாமன். பேஷண்ட் கையெழுத்து நாலோ அஞ்சோதான் பாத்திருப்பேன். படுத்திருக்கறவன யாரும் கேக்கறதே இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "என்ன மட்டும் கேக்காம தூக்கிட்டு வந்துடாதீங்க."

"உன்ன தூக்க என்னால ஆவுமா?"

"வெளையாட்டு இல்ல அண்ணி."

"சரிடா. கேக்காம தூக்க மாட்டேன்."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னது.

இரண்டாயிரத்து எட்டு, பொங்கல் முடிந்த வாரம். அவனுக்கு நுரையீரலில் நீர் கோத்து, கிருமியும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு காலையில் ஐ.சி.யூ.வில் போட்டு, மயக்கத்தில் வைத்து, மிஷினில் மூச்சு விட வைத்தார்கள். பதினோரு கடிதம் கொடுத்திருந்தான், ஆறு மிச்சம். நோட்டும் பையும் என் கூடையில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னது இதுதான்: இப்போது எதுவும் சொல்ல முடியாது, இரண்டு நாள் பொறுங்கள். நான் பொறுத்திருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரரின் பெரியப்பா சக்கரபாணி மாமா வந்துவிட்டார். எங்கள் பக்கம் வழக்கம் உண்டு. வெளியில் உயிர் போன உடம்பை நிலைப்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். வாசலோடு சரி. அதற்காகவே மூச்சு இருக்கும்போது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

"ஏம்மா, பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. தெருவுல கெடக்கணுமா அவன்?" என்றார் மாமா.

"டாக்டர் ரெண்டு நாள் சொல்லியிருக்காரு மாமா."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நாளைக்கி கட்டையா குடுத்தா நீ உள்ள எடுப்பியா? எடுத்துட்டு அப்பறம் அந்த வூட்ல ஒல வெப்பியா?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து நின்றார். நான் அவரைக் கேட்டேன், "நீ என்னா சொல்ற?"

"பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அவன் கேக்காம தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்யா."

"எப்படிடீ கேக்குறது? கண்ணு தொறந்தாத்தான?"

பாரத்தைக் கொடுத்தார்கள். அவர் பேனாவைக் கையிலேயே வாங்கவில்லை. சேர்க்கும்போது கூட இருந்தவர் என்று என் பெயர்தான் எழுதியிருந்தது. மூன்று நாளாக நான் தூங்கவில்லை, குளிக்கவில்லை, அந்த வராண்டாவின் நாற்றம் தொண்டையில் இருந்தது. எப்படியும் போகப்போகிறான், நம் வீட்டில் போகட்டும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

ஆம்புலன்சில் ஒருவர் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். வீட்டில் சாமியானா போட்டாகிவிட்டது, வாடகைச் சேர் வந்துவிட்டது. கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினோம். ஒவ்வொருத்தராகப் பால் ஊற்றினார்கள். பந்தை எடுத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரர் கும்பிடு போட்டுக் கிளம்பினார்.

முருகையன் தானாக மூச்சு விட்டான்.

ஒரு மணி நேரம் ஆனது. அழுதவர்கள் நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு செல்வாம்பாள் காப்பி போட்டுக்கொண்டு வந்து ஊற்றினாள். மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் இழுக்குதா?" என்று கேட்டார். சாயங்காலம் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேளக்காரர்களை நாளைக்கு வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை அவன் கண்ணைத் திறந்தான். கூடத்தின் கூரையைப் பார்த்தான், சேர்களைப் பார்த்தான், வாசலில் கட்டியிருந்த துணியைப் பார்த்தான். நான் வாயைத் துடைத்துவிட்டேன். காய்ந்த பால் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"யாரு கையெழுத்து?" குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"நான்தான்."

வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மத்தியானத்துக்குள் மூச்சு மறுபடி முட்ட ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் நடக்கவில்லை, உடம்பில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஆம்புலன்சுக்கு போன் போடச் சொன்னேன். சக்கரபாணி மாமா நடுவில் வந்து நின்றார்.

"பால் ஊத்துன ஒடம்ப திரும்பத் தூக்கினு ஓடுறியா? தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நேத்து ஒங்கள கேட்டேன், இன்னிக்கி அவன கேக்குறேன். நகருங்க." குனிந்து கேட்டேன். "முருகையா, ஆஸ்பத்திரிக்கிப் போலாமா? இல்ல, இங்கயே இருக்குறியா? நீ சொல்றதுதான்."

மூலையில் இருந்த என் கூடையைப் பார்த்தான். பிறகு, "எத்தினி கடுதாசி மிச்சம்?" என்றான்.

"ஆறு."

"போலாம்."

திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. டயாலிசிஸ் செய்தார்கள், மூச்சு கொஞ்சம் இறங்கியது, காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. நாளுக்கு ஒரு கடிதம் ஆடினான். நான் காய் எடுப்பேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான், நான் எழுதுவேன். ஒரு வீட்டில் நாய் மட்டும் இருந்தது. ஒரு வீட்டில் கடிதத்தை வாங்கிப் படிக்காமலே அடுப்பில் போட்டார்கள். இரண்டு வார்த்தை சொல்லவே இளைத்தது. அதற்கு நடுவில் ஒரு நாள் சொன்னான், "ரெக்கார்டு ரூம்ல என் பேரு வெள்ளையில ஏறிடுச்சி. இப்ப இன்னொரு ஷீட் ஓடுது. ஒரு ஆள் ரெண்டு கட்டுல."

"மன்னிச்சிடுடா."

"நீங்க போட்டது உங்க கையெழுத்து அண்ணி. அதுல நான் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. ஷீட்டைப் பார்த்துப் பிரிக்கிறவன் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு கடிதம் பாக்கி. டயாலிசிஸுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பையைக் காட்டினேன். "வந்து எடுக்கலாம்" என்றான். மிஷினில் போட்ட முக்கால் மணி நேரத்தில் இதயம் நின்றுவிட்டது.

இரண்டு நாள் அவனைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். "அத சொல்ல முடியாதும்மா" என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.

உடம்பை வாசலில்தான் வைத்தோம். சாமியானா அதே சாமியானா, பிரிக்கவே இல்லை. எதற்காகக் கையெழுத்துப் போட்டேனோ அதுவும் நடக்கவில்லை. சக்கரபாணி மாமா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் சேரைப் போட்டு உட்கார்ந்து, யாரும் தவறி உள்ளே தூக்கிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனோடு ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்த மாலா வந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது, "அண்ணனோட ஷீட் ரெண்டு வந்துச்சி அக்கா. ஒரு கேஸ் ஒரு கட்டுன்னு அவரே சொல்லிக் குடுத்ததுதான. ரெண்டையும் சேத்துத் தெச்சி சிவப்புல வெச்சிட்டேன்."

"என் கையெழுத்து போட்ட தாளு?"

"உள்ளுக்குள்ள போயிடுச்சிக்கா. மேல பாத்தா தெரியாது."

எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறது. நல்ல பெண்.

அன்றைக்கு நான் மாடிக்குப் போய் நாலு கட்டையும் துடைத்தேன். தபால்காரி நோட்டை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பதினேழாவது கடிதம் போய்ச் சேரவில்லை, பச்சையில் வைக்க முடியாது. தபால்காரி சாகவில்லை, சிவப்பும் இல்லை. அவன் விட்டுவிட்டு ஓடவில்லை, வந்து எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான், அதனால் மஞ்சளில் போட எனக்கு மனசு வரவில்லை. வெள்ளைக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதிலிருந்த ஒவ்வொரு நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் "போதும்" என்று எழுதி அவன் கையெழுத்து இருந்தது. இந்த நோட்டில் கடைசிப் பத்துப் பதினைந்து பக்கமும் என் கையெழுத்து. "போதும்" என்று எங்கேயும் இல்லை.

அதையும் உள்ளே வைத்து வெள்ளை நாடாவை இழுத்துக் கட்டினேன். காய்ப் பை அதன் மேலேயே இருக்கிறது. பதினேழாவது வீட்டில் ஆள் இருக்கிறதா என்று நான் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தாலும் அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டியவன் அவன்.